வாலிபர் கூட்டத்துக்கு 'பலவீனத்தில் பலம்' பாடம்: எதையெல்லாம் பலவீனம் என்று சொல்லலாம்?

காக்ஸ்டவுன்_செயலாளர் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூருவில் எங்கள் தமிழ்ச் சபை வாலிபர் ஐக்கியத்துக்கு நாலு ஞாயிறு பாடம் எடுக்க வேண்டும். இரண்டாம் ஆராதனை முடிந்து 45 நிமிடம் கிடைக்கும். இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். வயது 18 முதல் 30. பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. மீதிப்பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி, வேலூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்து பி.ஜி.யில் தங்கியிருப்பவர்கள். இவர்களுக்குக் கன்னடம் சுத்தமாக வராது.

சபைப் போதகர் ஐயர் கொடுத்த வசனம் 2 கொரிந்தியர் 12:9. "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" யாருக்குத்தான் தெரியாது? ஆனால் இந்த வசனத்தை எடுத்தாலே பேச்சு இரண்டு பள்ளத்தில் ஒன்றில் விழுந்துவிடுகிறது. ஒன்று, "விசுவாசமாக ஜெபி, போய்விடும்". இன்னொன்று, "அது உன் சிலுவை, சுமந்துகொள்". இரண்டுக்கும் நடுவில் உருப்படியாகச் சொல்ல ஏதாவது உண்டா?

முன்கோபம், குடி, திக்குவாய், மனச்சோர்வு, தமிழ் வாசிக்கத் தெரியாதது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் 'பலவீனம்' என்று சொல்லலாமா? ஆண்டவர் கொடுத்ததா, பிசாசு கொடுத்ததா என்று கட்டாயம் கேட்பார்கள். யாராவது மனம்விட்டுப் பேசினால் அது மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?


மில்லர்ஸ்ரோடு_வாசகர்:

12:9-இல் பாடத்தைத் தொடங்காதீர்கள். 10:10-இல் தொடங்குங்கள். இந்த நிருபத்தை எழுதிய பவுலைப் பற்றிக் கொரிந்துச் சபையில் சிலர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவரே அங்கே எழுதிவைத்திருக்கிறார்: நிருபங்கள் பாரமும் பலமுமாக இருக்கின்றன, ஆனால் ஆளைப் பார்த்தால் பலவீனம், பேச்சோ அற்பம். அவருக்குப் போட்டியாக வந்தவர்களை 'மகா பிரதான அப்போஸ்தலர்' என்று கிண்டலாகக் குறிப்பிடுகிறார் (11:5). இவர்கள் முன்னால் தன்னை நிரூபிக்க வேண்டிய கட்டாயத்தில்தான் பதினோராம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் போடுகிறார். ஐந்துதரம் ஒன்றுகுறைய நாற்பதடி, மூன்றுதரம் மிலாறடி, ஒருதரம் கல்லெறி, மூன்றுதரம் கப்பற்சேதம். கடைசியில் வருவது தமஸ்கு மதிலில் ஜன்னல் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பிய கதை. பகைவரின் மதில்மேல் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமர்கள் கிரீடம் சூட்டுவது வழக்கம். இவர் மதிலிலிருந்து இறங்கி ஓடியதைப் பெருமையாகச் சொல்கிறார்! இந்த நையாண்டி பிடிபட்டால்தான் பன்னிரண்டாம் அதிகாரம் பிடிபடும். இல்லாவிட்டால் 12:9 காலண்டர் வசனமாகவே நிற்கும்.

அடுத்து, 'என் மாம்சத்திலே ஒரு முள்' என்று பவுல் 12:7-இல் சொல்கிறாரே, அந்த முள் என்ன என்ற ஆராய்ச்சி. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். காதுவலி அல்லது தலைவலி என்ற பேச்சு ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே இருந்தது. ஆதிச்சபைப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் அதை ஒத்துக்கொள்ளாமல், பவுலை எதிர்த்த மனிதர்களைத்தான் முள் என்கிறார் என்றார். கண்நோய் என்பவர்கள் கலாத்தியர் 4:15-ஐக் காட்டுவார்கள். மலேரியா என்று வேத ஆராய்ச்சியாளர் வில்லியம் ராம்சே வாதாடினார். பவுல் பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. 'எனக்கு இருப்பது அவருக்கு இருந்தது இல்லையே' என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

ஆண்டவரா, பிசாசா என்ற கேள்விக்கு 12:7 ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறது. முள் 'கொடுக்கப்பட்டிருக்கிறது'. கொடுத்த நோக்கமும் அங்கேயே இருக்கிறது: 'நான் என்னை உயர்த்தாதபடிக்கு'. அதே முள் 'என்னைக் குட்டும் சாத்தானுடைய தூதன்'. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் வசனத்தின் பாதி போச்சு. முள் நல்லது என்று பவுல் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது எடுபடவேண்டும் என்று மூன்றுதரம் கேட்டார். கிடைக்காத பிறகுதான் அதன் பயனைப் பேசுகிறார். இந்த வரிசையை மாற்றி, கேட்பதற்கு முன்பே 'இது ஆண்டவர் சித்தம்' என்று ஒருவன் வாயை அடைப்பதுதான் நீங்கள் சொன்ன இரண்டாவது பள்ளம்.

இனி 'ஒரே பை' கேள்வி. போடக்கூடாது. பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: இதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, உதவி கேட்க வேண்டுமா, பாதுகாப்புக் கேட்க வேண்டுமா? திக்குவாய், மனச்சோர்வு, வாசிக்கத் தெரியாதது, நாள்பட்ட நோய் ஆகியவற்றுக்கு உதவி. கோபத்தில் அம்மாவை அடித்ததற்கு மன்னிப்பு. அதைப் 'பலவீனம்' என்று மெழுகினால், கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று கேட்கும் ரோமர் 6:1 குறுக்கே நிற்கும். குடி, ஆபாசப்படம் போன்றவற்றில் இரண்டும் கலந்திருக்கும், இரண்டையும் கேட்க வேண்டும். மூன்றாவதைத்தான் சபைகளில் மறந்துவிடுகிறோம். புருஷன் அடிக்கிறான், மேலதிகாரி தொந்தரவு செய்கிறான் என்றால் அது அந்தப் பெண்ணின் பலவீனமே இல்லை. அவளிடம் 12:9-ஐ வாசிப்பது அநியாயம். பலவீனத்தில் மேன்மைபாராட்டிய அதே பவுல், எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டியபோது 'ரோமனை விசாரணையில்லாமல் அடிக்கலாமா' என்று சட்டம் பேசினார் (அப். 22:25). நமக்கும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. பாடத்தில் இதைச் சத்தமாகவே சொல்லுங்கள். இருபத்தைந்து பேரில் ஒருத்தியாவது இதைக் கேட்கக் காத்திருக்கலாம்.

நாலு வாரத்தில் ஒரு வாரம் முழுக்க யாத்திராகமம் 3, 4-க்குக் கொடுங்கள். மோசே ஐந்துதரம் தயங்குகிறார்: நான் எம்மாத்திரம் (3:11), உம்முடைய நாமம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வேன் (3:13), நம்பமாட்டார்கள் (4:1), திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் (4:10), வேறு யாரையாவது அனுப்பும் (4:13). ஆண்டவர் கோபப்படுவது ஐந்தாவதற்கு மட்டும். திக்குவாயைச் சொன்னபோது கோபமில்லை. 'மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்' என்ற கேள்வியும் 'உன் வாயோடே இருப்பேன்' என்ற வாக்கும்தான். பலவீனத்தைச் சொல்வதும் அதைச் சாக்காக்கி நழுவுவதும் வேறுவேறு என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியில் நடந்தது என்ன? நாக்கு குணமானதாக எழுதவில்லை. 6:12-இலும் 6:30-இலும் அதே குறையைத் திரும்பச் சொல்கிறார். கிடைத்தது ஆரோன் என்ற அண்ணன். பார்வோன் முன்னால் நின்றபோது மோசேக்கு 80 வயது, ஆரோனுக்கு 83 (7:7). பலவீனம் தானாக ஒன்றையும் சாதிக்காது. இன்னொருவர் வந்து நிற்க அங்கே இடம் கிடைக்கிறது, அவ்வளவே. அப்படி வந்தவரும் குறையுள்ளவர் என்பதை 32-ஆம் அதிகாரத்தில் ஆரோன் செய்துகொடுத்த பொன் கன்றுக்குட்டி காட்டும். ஆரோனைச் சார்ந்தது சரி, ஆரோனிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் பாடத்தில் வரட்டும்.


லிங்கராஜபுரம்_ஜெபக்குழு:

பிரதர் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. 'மூன்றுதரம் கேட்டார், கிடைக்கவில்லை' என்று ஒரே வரியில் தாண்டிப்போகிறார். வாலிபர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒருதரம்கூட முழங்கால் போடாமல் 'இது என் முள்' என்று உட்கார்ந்துவிடுவார்கள். பவுலுக்கு 'இல்லை' என்ற பதில் ஆண்டவர் வாயிலிருந்து வந்தது. நமக்கு நாமே 'இல்லை' சொல்லிக்கொள்ள அதிகாரம் இல்லை. மத்தேயு 8:17 'நம்முடைய பெலவீனங்களை ஏற்றுக்கொண்டு, நம்முடைய நோய்களைச் சுமந்தார்' என்கிறது. அதையும் வையுங்கள்.

ஆனால் ஜெபிக்கிறவர்கள் செய்கிற தப்பையும் சொல்லிவிடுகிறேன். யாக்கோபு 5:14-இல் வியாதிப்பட்டவன்தான் மூப்பர்களை வரவழைக்கிறான். மூப்பர்கள் பாய்ந்துபோய்ப் பிடித்துக்கொள்வதில்லை. பர்திமேயு குருடன் என்பது ஊருக்கே தெரியும், இருந்தும் 'நான் உனக்கு என்னசெய்யவேண்டும்' என்று இயேசு கேட்டார் (மாற்கு 10:51). ஆகவே கேட்காமல் யார் தலையிலும் கைவைக்காதீர்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர் வாயால் சொல்லட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் வேலை இன்டர்வியூவுக்காக ஜெபிக்கச் சொல்லலாம். அதற்கு ஜெபியுங்கள், காலைத் தொடாதீர்கள்.

முக்கியமாக, சுகம் வராவிட்டால் 'உனக்கு விசுவாசம் பத்தவில்லை' என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோ. 4:20). யாருடைய விசுவாசத்தையும் அங்கே குறை சொல்லவில்லை.


டியூட்டி_சிஸ்டர்:

மனநலப் பிரிவில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் நாலு விஷயம். வேதபாடத்தை அண்ணன்மார் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலாவது குடி. தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரு கூட்டத்தில் மனம் தொடப்பட்டு, 'இனி தொடமாட்டேன்' என்று அன்று ராத்திரியே நிறுத்திவிட்டு உபவாச ஜெபத்தில் உட்காருவார். எல்லாரும் ஸ்தோத்திரம் பண்ணுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். இதைப் 'பிசாசு வெளிப்படுது' என்று நினைத்துச் சத்தமாக ஜெபித்துக்கொண்டே இருந்தால் உயிர் போகக்கூடும். சோறு தண்ணீர் இல்லாத உபவாசம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். நிறுத்துகிற தீர்மானம் சபையில் எடுக்கட்டும், நிறுத்துவது டாக்டர் மேற்பார்வையில் நடக்கட்டும். நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே அடிமைப்பழக்க மருத்துவப் பிரிவு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற நீண்ட பாதைக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு) மாதிரியான குழு நல்ல துணை. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் முதல் படியே 'மதுவுக்கு முன்னால் எங்களுக்குச் சக்தி இல்லை' என்று ஒத்துக்கொள்வதுதான். உங்கள் பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது, மாத்திரை. வலிப்பு மாத்திரையை 'சுகமானேன்' என்று சாட்சி சொல்லிவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால், அடுத்து வருகிற வலிப்பு நிற்காமல் தொடர வாய்ப்பு உண்டு. மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பத்து நாளில் 'ஒண்ணும் தெரியலை' என்று தூக்கிப்போடுகிறவர்கள் அதிகம். நன்றாக ஆனபிறகும் டாக்டர் சொல்லும்வரை தொடர வேண்டும். ஆண்டவர் சுகமாக்கினாரா என்பதை டாக்டரே பரிசோதித்து மருந்தைக் குறைக்கட்டும், அதில் விசுவாசக்குறைவு ஒன்றுமில்லை. தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி வரும் பலவீனங்களும் இருந்தன. பவுல் எழுதி அனுப்பியது, தண்ணீர் மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்ற வைத்தியம் (1 தீமோ. 5:23).

மூன்றாவது, சோர்வு. 1 இராஜாக்கள் 19-இல் சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஆண்டவர் பேசியதெல்லாம் ஓரேப் மலைக்குப் போனபிறகுதான். அந்தப் பேச்சின் முடிவிலும் எலிசா என்ற ஒரு ஆளைக் காட்டி அனுப்புகிறார். உங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க மனம் இருண்டு, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பிடித்த வேலையிலும் நாட்டம் போயிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சாகிற பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே. தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் (டெலி-மானஸ்) இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

நாலாவது, திக்குவாய். 'மெதுவாப் பேசு', 'மூச்சு இழுத்துவிடு' என்று சொல்லாதீர்கள். அவர் தடுமாறுகிற வார்த்தையை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், போதும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் இவர்களுக்கு மிகப் பெரிய கொடுமை. தனக்கு எந்த வசனம் வரும் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள், அதில் 'ப'வில் தொடங்கும் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மற்றது ஒன்றும் காதில் விழாது. அதற்குப் பதில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் வாசியுங்கள். திக்குகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்கு வருவதே இல்லை. பேச்சுப் பயிற்சி வேண்டுமென்றால் மைசூரில் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. ஆனால் பயிற்சி முடித்து வந்தால்தான் வாசிக்க விடுவோம் என்று வைக்காதீர்கள்.


காக்ஸ்டவுன்_செயலாளர்:

சிஸ்டர், ரொம்ப நன்றி. வட்டமாக வாசிக்கிற வழக்கம் எங்களிடமும் இருக்கிறது, இந்த ஞாயிறோடு நிறுத்திவிடுகிறோம். மனம்விட்டுப் பேசுகிற விஷயத்துக்கு இன்னும் யாரும் வரவில்லையே.


வியாழக்கிழமை_விவேக்நகர்:

அதற்கு நான் வருகிறேன். நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்து அனுபவம் உங்களுக்குக் கொஞ்சம் உதவலாம்.

ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியே விடக்கூடாது. திருச்சபைச் சட்டம் 983 அதை மீறமுடியாத முத்திரை என்கிறது. அந்தக் காப்பு இருப்பதால்தான் ஆட்கள் வாய்திறக்கிறார்கள். உங்கள் வாலிபர் கூட்டத்தில் அப்படி ஒரு முத்திரை இல்லை. இருப்பதுபோல் காட்டிக்கொண்டு எல்லாரையும் பேசவைப்பது மோசடி. யாக்கோபு 5:16 'ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்கிறது உண்மைதான். அதை இருபத்தைந்து பேர் முன்னால் செய்யச் சொன்னதாக நான் வாசிக்கவில்லை.

ஆகவே பெரிய கூட்டத்தில் பாடம் மட்டும். பகிர்வு மூன்று பேர் கொண்ட குழுவில். ஆண்கள் தனி, பெண்கள் தனி, நாலு வாரமும் அதே மூன்று பேர். ஒரே அலுவலகம், ஒரே பி.ஜி. அறை, உறவுக்காரர் என்று வராமல் பிரியுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். கசிவு பெரும்பாலும் இந்த வழியாகத்தான். தன்னுடையதை மட்டும் சொல்லலாம். 'என் அண்ணன் குடிக்கிறான்' என்பது அண்ணனின் ரகசியம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் குரூப்பில் போடக்கூடாது; பெயர் போடாமல் 'ஒரு சகோதரிக்காக' என்று போட்டாலும் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இன்று பேச விருப்பமில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது.

இரகசியம் காக்கமுடியாத இரண்டு இடங்களை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஒன்று, உயிருக்கு ஆபத்து. மற்றது, 18 வயதுக்குட்பட்ட குழந்தைமேல் பாலியல் கொடுமை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் விடுவது குற்றம். 'சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்பதற்கு இடமே இல்லை.

உதாரணத்துக்கு ஒரு ஆள் வேண்டுமென்றால் பிரான்ஸில் ஆர்ஸ் ஊர்ப் பங்குக்குருவாக இருந்த ஜான் மரிய வியான்னியைப் பாருங்கள். லத்தீன் ஏறவே ஏறாது, குருமடத்தில் திணறினார், 1815-இல் எப்படியோ குருப்பட்டம் கிடைத்தது. படிப்பு வராதவர் என்று குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் பிரான்ஸ் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பிற்காலத்தில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்வரை பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டிலேயே உட்கார்ந்திருந்தார். எபிரேயர் 5:2 சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்: தானும் பலவீனமுள்ளவனாக இருப்பதால் வழிதப்பினவர்களுக்கு இரங்கத்தக்கவன். லத்தீன் தெரியாதது நல்லது என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் கடைசிவரை புத்தகத்தை மூடவில்லை.


கொல்லிமலை_பேரன்:

ஒரு துணுக்கு மட்டும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளைப் பல வருடம் ஆராய்ந்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்று அதுவரை எல்லாரும் நம்பினார்கள். அவர் கண்டது வேறு: நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், துருப்பிடித்த பூட்டை முழு பலத்தோடு திருகுகிறார்கள், காயம் ஆறாமல் விரல் தேய்கிறது. வலி ஒரு வரம் என்று அவர் பேசியதும் எழுதியதும் இதிலிருந்து வந்தவைதான்.

ஆனால் இதை வைத்து 'உன் வலி நல்லது, பொறுத்துக்கொள்' என்று பாடம் எடுத்தால் தலைகீழாகிவிடும். வலி வந்தால் கையை எடு என்பதுதான் அவர் கண்டுபிடித்ததன் பொருள்.


மில்லர்ஸ்ரோடு_வாசகர்:

ஜெபக்குழு பிரதர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 'நமக்கு நாமே இல்லை சொல்லிக்கொள்ள அதிகாரம் இல்லை' என்பது சரியான பிடி. ஆனால் எத்தனை நாள் கேட்பது என்பதற்குக் கணக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே வேலையையும் பார்க்கலாம். சுகமானபிறகு ஊழியம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கலாத்தியருக்கு முதன்முதல் பிரசங்கித்ததே சரீர பலவீனத்தோடுதான் (கலா. 4:13).

நம் ஊருக்குப் பக்கத்து உதாரணம் ஒன்று. மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்ததும் முதலில் பணிசெய்யப் போன இடம் இதே பெங்களூர். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போய் டோனாவூரில் குழந்தைகள் காப்பகம் அமைத்தார். 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த இருபது வருடத்தில் நிறைய எழுதினார் என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அவர் படுக்கையில் இருந்த அத்தனை வருடமும் டோனாவூரை வேறு ஆட்கள் தாங்கி நடத்தினார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆரோன் கதைதான் இதுவும்.


காக்ஸ்டவுன்_செயலாளர்:

அண்ணா, கடைசியாக ஒன்று. தமிழ் வாசிக்கத் தெரியாதது கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் எங்களிடம் பாதிப்பேர் கூட்டத்தில் வாய்திறக்காததற்குக் காரணமே அதுதான். ஊரிலிருந்து வந்தவர்கள் கடகடவென்று வாசிக்க, இங்கே பிறந்தவர்கள் செல்போனைப் பார்த்தபடி குனிந்துகொள்கிறார்கள். இதற்கும் பாடத்தில் இடம் உண்டா?


மில்லர்ஸ்ரோடு_வாசகர்:

உண்டு, தம்பி. என்னைக் கேட்டால் நாலாவது வாரத்தை இதற்கே கொடுக்கலாம்.

அந்தக் காலத்துச் சபைகளில் பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரியாது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வெளி. 1:3 வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் சேர்த்தே பாக்கியவான்கள் என்கிறது. கொலோ. 4:16-இல் நிருபத்தை ஒரு சபையில் வாசித்துவிட்டு அடுத்த சபைக்குக் கொடுக்கச் சொல்கிறார். எழுத்து தெரியாதவன் இரண்டாம்தர விசுவாசி என்ற எண்ணம் அங்கே இல்லவே இல்லை. சரீரத்தில் பலவீனமாகத் தோன்றுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்கிற 1 கொரி. 12:22-ஐயும் இதோடு வையுங்கள்.

செய்முறைக்கு வருவோம். ஊரிலிருந்து வந்த ஒருவரையும் இங்கே பிறந்த ஒருவரையும் ஜோடி சேருங்கள். முன்னவருக்குத் தமிழ் எழுத்து தெரியும். வீட்டுச் சொந்தக்காரரிடம் அட்வான்ஸ் திரும்பக் கேட்கவும் மின்கட்டண ஆபீஸில் பேசவும் கன்னடம் வராது. பின்னவருக்கு நேர்மாறு. வாரம் அரைமணி நேரம் முன்னவர் பின்னவருக்கு ஒரு சங்கீதம் எழுத்துக்கூட்டச் சொல்லித்தரட்டும், பின்னவர் முன்னவருக்கு ஐந்து கன்னட வாக்கியம் சொல்லித்தரட்டும். 2 கொரி. 8:14-இல் பவுல் பணத்தைப் பற்றிச் சொல்கிற அதே சமநிலை: ஒருவரின் மிகுதி மற்றவரின் குறைவுக்கு, பிறகு அவருடையது இவருக்கு. ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மற்றவர் ஒரு மாதத்தில் வராமல் நின்றுவிடுவார், ஆகவே இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைய வேதபகுதியைக் கன்னட எழுத்தில் அடித்து ஒரு தாளில் கொடுக்கலாம். இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதைவிட இது மேல், குறில் நெடில் குழம்பாது. க, ச, ட, த, ப எங்கே எப்படி ஒலிக்கிறதோ அப்படியே அந்தந்தக் கன்னட எழுத்தைப் போட்டுவிடலாம். ழ, ற இரண்டுக்கும் இன்றைய கன்னடத்தில் எழுத்து கிடையாது. ள, ர போட்டு அடியில் ஒரு புள்ளி வையுங்கள், முதல் வாரமே வாசித்துக்காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் 'வழி' எல்லாம் 'வளி' ஆகிவிடும். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு, ஒரு தாளுக்குப் பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். தாளின் மறுபக்கத்தில் அதே பகுதி தமிழ் எழுத்தில். நாலாம் வாரம் யார் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் எல்லாரும் சேர்ந்து வாசிக்கட்டும், சிஸ்டர் சொன்னபடி.